கோணல் ஸ்டிக்கர் ஒட்டிய டிவி

யாராவது ஒரு பொருளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது பிறவிக் குணமா, ஒரகடம் பக்கத்து டிவி கம்பெனியில் டெஸ்டிங்கில் நின்று நின்று வந்த குணமா என்று சொல்லத் தெரியவில்லை. லைனில் ஒன்றன்பின் ஒன்றாக டிவி வந்துகொண்டே இருக்கும். பிளக்கைச் சொருகி, நிறங்கள் ஒழுங்காக வருகின்றனவா, வெள்ளைத் திரையில் எங்காவது கறுப்புப் புள்ளி தெரிகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நம்முடைய நம்பர் போட்ட பச்சை ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் அந்தப் புத்தியை மட்டும் எங்கே கழற்றி வைப்பது?

வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். எல்லோருமே தெற்கிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் ஒரே கம்பெனி. நான் மானாமதுரைக்காரி. நாளிதழின் முதல் பக்கம் முழுவதையும் ஆன்லைன் கடைகளே வாங்கிக்கொண்டு 'இன்று மட்டும், பாதி விலை' என்று விளம்பரம் போட ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் அறையிலும் பக்கத்து அறைகளிலும் யார் எதை வாங்க நினைத்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். 'லைன்லயும் இன்ஸ்பெக்‌ஷன், ரூம்லயும் இன்ஸ்பெக்‌ஷன்' என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலி செய்வார்களே தவிர, கேட்காமல் ஒரு அயர்ன் பாக்ஸ்கூட வாங்க மாட்டார்கள்.

என் வேலைமுறை எளிமையானது. மூன்று ஆன்லைன் கடைகளில் ஒரே மாடலைத் தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போனால் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிற கடைகளில் ஏறி, வாங்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விலை கேட்டுவிட்டு இறங்குவேன். அப்புறம்தான் ஆன்லைன்காரன் கோடு போட்டு அடித்துக் காட்டுகிற பழைய விலை உண்மையா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அது வெறும் கதையாகத்தான் இருக்கும். ஒரு முறை ஒரு கரண்ட் அடுப்புக்கு அடித்துப் போட்டிருந்த விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு அடுப்போடு சமையலுக்கு ஒரு ஆளையும் சேர்த்து வைத்துவிடலாம். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அந்த ரேட்ல அது என்னிக்குமே வித்தது இல்லமா, குறைச்சுக் காட்டணும்னே ஏத்தி எழுதிக்கிறாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நம்மை முட்டாளாக்குவதற்கு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் அறையில் எல்லோருக்கும் இளையவள் கோவில்பட்டிக்காரி. அவளை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளும் டெஸ்டிங்தான், எனக்கு அடுத்த டேபிள். அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில், அவர்கள் ஊரில் பாக்டரியை அப்படித்தான் சொல்வார்கள், வேலை பார்த்துப் பார்த்து, மருந்து நெடியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். நாலு படி ஏறினால் மூச்சு இழுக்கும். டாக்டர் அந்த வேலையை விட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். விட்டால் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. பொங்கலுக்குள் கோவில்பட்டிக்காரியைப் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அது நடந்தால் அம்மாவை வேலையை விடச் சொல்லி இங்கே அழைத்து வந்துவிடலாம். ஹவுஸ் ஓனரம்மா வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையை வேறு யாருக்கும் விடாமல் அவளுக்காக வைத்திருந்தார். அவள் பேச்செல்லாம் அந்த அறையைப் பற்றியே இருக்கும். அடுப்பு எந்த மூலையில், கட்டில் எந்தப் பக்கம், டிவி எங்கே என்று தினமும் இடம் மாற்றுவாள்.

டிவி அதில் முக்கியம். "நான் ஷிப்ட்டுக்குப் போய்ட்டா எங்கம்மா பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா? இங்கன உள்ளவுக பேசுற தமிழு அதுக்கு வெளங்கவே செய்யாது" என்பாள். அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. தான் டெஸ்ட் செய்து அனுப்புகிற டிவியைத்தான் அம்மா பார்க்க வேண்டும். இந்த ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நாள் பூராவும் கையால் தொட்டு அனுப்புகிற பொருள் நம் வீட்டில் ஒன்றுகூட இல்லையே என்று.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, லைன் முழுக்கத் தோரணம் கட்டி, பொரிகடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். அதற்கு மறுவாரம் ஸ்டாஃப் சேல். நம் கம்பெனி டிவி நமக்குக் குறைந்த விலையில். "லாபமே இல்லாத விலை, செலவுக் காசு மட்டும்" என்று வருடா வருடம் மைக்கில் சொல்வார்கள். அந்த வருடம் கோவில்பட்டிக்காரி முப்பத்திரண்டு இன்ச்சுக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைக்க வேண்டும். அதனால் எங்களுக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான் தெரியும். ஸ்டாஃப் சேலுக்கு முந்தைய வாரம், வீடு திரும்புகிற பஸ்ஸில் கோவில்பட்டிக்காரி என் தோளை உலுக்கினாள்.

"யக்கா, இதப் பாருங்க. நம்ம டிவி."

பார்த்தேன். எங்கள் டிவிதான், எங்கள் லைன் மாடல். தீபாவளிச் சலுகை என்று போட்டு, விலை ஸ்டாஃப் விலையைவிடக் குறைவாக இருந்தது. கொஞ்ச நஞ்சக் குறைவு இல்லை. எனக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று போனைக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

பஸ்ஸே பொங்கிவிட்டது. செய்கிற எங்களுக்கு ஒரு விலை, எங்கிருந்தோ வாங்குகிறவனுக்கு அதைவிடக் கம்மி விலையா? சிலருக்குக் கோபம், சிலருக்குச் சிரிப்பு. ஆனால் பஸ் ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்குள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். டூப்ளிகேட். செலவுக் காசுக்குக் கீழே எவனாவது விற்பானா? உள்ளே இருக்கிற திரைப் பேனலுக்கே அந்தக் காசு காணாதே! பேனல் என்ன, போர்டு என்ன, எதற்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? எங்கேயோ யாரோ எங்கள் கம்பெனி பெயரை ஒட்டிப் போலி டிவி விற்கிறார்கள். யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை, எனக்கும்தான்.

"ஒண்ணு வாங்கிப் பாத்துருவோம்" என்றேன் நான். "பொருள் வந்தப்புறம்தானே காசு. போலின்னா திருப்பி அனுப்பிரலாம். கையும் களவுமாப் பிடிச்சுச் சூப்பர்வைசர்கிட்ட குடுப்போம்."

ஆர்டர் போட்டால் அடுத்த வேடிக்கை. வடக்குப்பட்டு பின்கோடுக்கு டெலிவரி இல்லையாம். ஜன்னலைத் திறந்தால் கம்பெனி வெளிச்சம் தெரிகிற ஊருக்கு அந்தக் கம்பெனி டிவியைக் கொண்டுவர முடியாது என்கிறான். கடைசியில் ஹவுஸ் ஓனரம்மாவின் தங்கை வீடு சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறது என்று அந்த விலாசத்தைக் கொடுத்தோம். அதற்கு டெலிவரி இருந்தது. ஒருவேளை ஒரிஜினலாகவே இருந்தால், எங்கள் கேட்டிலிருந்து லாரி ஏறி, வெளி மாநிலத்தில் ஏதோ ஒரு கோடவுனுக்குப் போய், அங்கிருந்து திரும்பி எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டி அந்த டிவி போயிருக்க வேண்டும். ஞாயிறு மதியம் நானும் கோவில்பட்டிக்காரியும் போய், ஷேர் ஆட்டோவில் பெட்டியைக் குறுக்கே மடியில் கிடத்திக்கொண்டு வந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கால் நீட்ட இடமில்லாமல் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஹவுஸ் ஓனரம்மா வாசலிலேயே நின்றார். "இன்னாமா இது? எதுத்தாப்ல செய்றத ஊரெல்லாம் சுத்திக்கினு வந்து வாங்கிக்கினு கீறீங்க?"

"போலிக்கா. பிடிக்கத்தான் வாங்கினோம்" என்றேன், பெரிய போலீஸ் மாதிரி.

மாடி அறையில் பக்கத்து அறைப் பெண்களும் கூடிவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தோம். தெர்மோகோல் சரியாகத்தான் இருந்தது. போலிக்காரன் தெர்மோகோலையும் செய்வான் என்றார்கள். பாயை விரித்து டிவியைக் குப்புறப் படுக்க வைத்தோம். ஸ்குரூக்கள் சரி. சீரியல் நம்பர் வரிசையும் எங்கள் வரிசைதான். இதையெல்லாம் காப்பி அடிக்க முடியும் என்று சொல்லி, ஒரிஜினல் என்பதை நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கோவில்பட்டிக்காரி திடீரென்று கையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் பேச்சே வரவில்லை. விரலால் பச்சை ஸ்டிக்கரைக் காட்டினாள்.

ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. இடது பக்கம் தூக்கலாக, வலது பக்கம் சரிந்து.

எங்கள் டேபிளில் அடுத்த ஷிப்ட்டில் வேலை பார்க்கிற ஒருத்தி இருந்தாள். ஸ்டிக்கரில் இருந்த நம்பரும் அவளுடையதுதான். எத்தனை முறை சூப்பர்வைசர் திட்டினாலும் அவளுக்கு ஸ்டிக்கரை நேராக ஒட்ட வராது. போலி செய்கிறவன் எல்லாவற்றையும் காப்பி அடிக்கலாம், அவளுடைய கோணலை அடிக்க முடியுமா? அடித்தாலும் நேராக அல்லவா ஒட்டியிருப்பான்? அறையே குலுங்கிச் சிரித்தது. டிவியை நிமிர்த்தி வைத்து ஓட விட்டோம். என் கண் பழக்கத்தில் கறுப்புப் புள்ளி தேடியது. ஒன்றுகூட இல்லை. ஒரிஜினல். எங்கள் லைன், எங்கள் கை. லேபிளில் இருந்த தேதிப்படி போன மாதம் செய்தது, அதாவது பழைய சரக்கும் இல்லை. எனக்கும் அன்று சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கோவில்பட்டிக்காரி அந்த டிவியைத் தானே வைத்துக்கொண்டாள். மறுநாள் ஸ்டாஃப் சேலில் பெயர் கொடுத்த பாதிப் பேர் பெயரை வாபஸ் வாங்கிவிட்டு, ஆளுக்கொரு தெரிந்தவர் விலாசத்தைப் பிடித்து ஆன்லைனில் ஆர்டர் போட்டார்கள்.

சந்தோஷம் எனக்கு ரொம்ப நாள் தங்கவில்லை. பொருள் ஒரிஜினல், புதுசு, பழுதில்லை. அப்படியானால் ஏன் இவ்வளவு மலிவு? அதுவரை நான் பார்த்த எல்லா மலிவுக்கும் ஒரு காரணம் கிடைத்திருந்தது. பழைய மாடல், உடைத்த பெட்டி, வாரன்டி இல்லாதது, இல்லாவிட்டால் ஏற்றி எழுதிய விலை. இதற்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. போலியா இல்லையா என்பதிலேயே எங்கள் கவனமெல்லாம் போய்விட்டது. போலி இல்லை என்றதும் கேள்வி முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

கோவில்பட்டிக்காரியிடம் சொன்னால் எரிந்து விழுந்தாள். "வெல கூடுனாலும் குத்தம், கொறஞ்சாலும் குத்தமா? நீங்க எதுக்குத்தான் சந்தோசப்படுவீக?"

நான் விடவில்லை. விட வராது. டிஸ்பாட்சில் லோடு ஏற்றுகிற ஒரு அண்ணன் எங்கள் பஸ்ஸில்தான் வருவார், பக்கத்து ஊர்க்காரர். அவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், சரக்கு நிறையப் போகிறதா என்று.

"போய்க்கினே கீதுமா. இந்த மாதிரி லோடு நான் பாத்ததே இல்ல. ஆனா உள்ள வர்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. பேனல் கண்டெய்னர் வந்து எவ்ளோ நாளாச்சு!" என்றார் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே.

 எங்களுக்கு ஓவர்டைம் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. தீபாவளி நேரத்தில் ஓவர்டைம் இல்லாமல் எந்த வருடமாவது இருந்ததா? அதை நாங்கள் ஓய்வு கிடைத்தது என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இப்போது சீட் இருந்தது. இதெல்லாம் தினமும் என் கண் முன்னால்தான் இருந்தது. மூலையில் இருக்கிற ஒற்றைப் புள்ளியைப் பிடிக்கிற கண்ணில் இது படவில்லை. சரக்கைக் காலி பண்ணுகிறார்கள். கடையைக் காலி பண்ணுகிறவன்தான் வந்த விலைக்குத் தள்ளுவான்.

அன்றே அவளிடம் சொன்னேன். மாடிக் கைப்பிடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "பெர்மனென்ட் லெட்டர் ரெடியா இருக்குன்னு ஹெச்ஆர்ல சொன்னாக யக்கா. லைன நிப்பாட்டுறவுக எதுக்கு லெட்டர் அடிக்கப் போறாக?" என்றாள்.  சொல்லிவிட்டு மீதித் துணியை உதறிக் காயப் போட ஆரம்பித்தாள். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று அந்த மாதம் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த குறை இல்லாமல் போகட்டும் என்று நினைத்தது அந்த ஒரு முறைதான்.

மார்கழியில் எல்லா ஷிப்ட்டையும் கேன்டீனில் கூட்டி வைத்துச் சொன்னார்கள். இனி டிவி முழுசாகவே வெளியிலிருந்து வந்துவிடும், இங்கே செய்வதைவிட அது மலிவு, அதனால் பொங்கலோடு லைன் நிற்கிறது என்று. உங்கள் உழைப்புக்கு நன்றி என்றும் சொன்னார்கள். பெர்மனென்ட்காரர்களுக்குக் கணக்கு முடித்து ஒரு தொகை உண்டு, கோவில்பட்டிக்காரி மாதிரி ட்ரெய்னிகளுக்கு ஒரு சர்டிபிகேட். யாரோ அழுதார்கள். யாரோ கத்தினார்கள். கோவில்பட்டிக்காரி பெஞ்சில் உட்கார்ந்து தன் பச்சை ஸ்டிக்கர் ரோலை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதற்குள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் நின்றுவிட்டார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போனில் வர வேண்டாம் என்று சொல்லத்தான் கோவில்பட்டிக்காரி கூப்பிட்டாள். எடுத்ததும் அம்மா, "டிவிக்கு உறை தச்சு முடிச்சிட்டேன்ட்டி" என்று ஆரம்பித்துவிட்டார். இவள் "சரிம்மா, பாத்து வா" என்று வைத்துவிட்டாள்.

அம்மா செங்கல்பட்டில் இறங்கி லோக்கல் ட்ரெயின் மாறி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு. இரண்டு கட்டைப் பைகள். பிளாட்பாரத்தில் நடக்கவே மூச்சு வாங்கியது. ஆனாலும் ஆட்டோவில் ஏறியதும் வழியில் வந்த ஒவ்வொரு கம்பெனியையும் காட்டி "இதுவா? இதுவா?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் கேட் வந்தபோது அவள் "இதுதான்" என்றாள். அம்மா ஆட்டோவுக்கு உள்ளே இருந்தபடியே கும்பிட்டார்.

அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையிலிருந்து உறையை எடுத்தார். பூப்போட்ட துணி, ஓரமெல்லாம் சரிகை. ஊரில் பார்த்த பழைய பெட்டி டிவியை மனதில் வைத்துத் தைத்திருக்கிறார். மூட்டை கட்டுகிற அளவுக்கு ஆழம். எங்கள் டிவியோ தட்டை. மாட்டிப் பார்த்தால் பின்னால் அரைப் பங்கு துணி சும்மா தொங்கியது. எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த கோவில்பட்டிக்காரி அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

 அம்மா திட்டுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் டிவியின் விளிம்பைத் தடவினார்.

"நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுதும்மா."

"பழுது கிழுது எதுவும் இல்லயே?"

"இல்லம்மா."

என் பக்கம் திரும்பினார். "பெறவு என்னத்துக்கு தாயி நிப்பாட்டுறாக? ஒழுங்காத்தான செஞ்சிருக்குதுக புள்ளைக?"

எல்லாருடைய 'ஏன்'களுக்கும் பதில் கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான். கேன்டீனில் சொன்ன காரணத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து, "இதைவிட மலிவாக் கிடைக்குதாம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோவில்பட்டிக்காரி இங்கேயே வேறு வேலை தேடினாள். கிடைத்ததெல்லாம் கான்ட்ராக்ட், பாதிச் சம்பளம். பின்பக்கத்து அறையை ஹவுஸ் ஓனரம்மா மேலும் சில நாள் வைத்திருந்து பார்த்தார். தை முடிவதற்குள் அம்மாவும் மகளும் ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மா மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போனார். அந்த ஆழமான உறை கடைசியில் டிவியைத் தூக்கிக்கொண்டு போக வசதியாக இருந்தது. மிச்சத் துணியை முடிச்சுப் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து ட்ரெயினில் ஏற்றினார்கள். நான் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினேன். வரும் வழியெல்லாம் அழுதேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். ஒருநாள் பஸ்ஸில் பழக்கதோஷத்தில் எங்கள் மாடலைத் தேடிப் பார்த்தேன். இன்னும் விற்றுக்கொண்டிருந்தார்கள், கடைசிச் சரக்கு என்று போட்டு, விலையை இன்னும் அடித்து. கீழே வாங்குகிறவர்கள் கருத்து எழுதுகிற இடத்தில் எந்த ஊர்க்காரரோ ஒருவர் கேட்டிருந்தார். இது ஒரிஜினல்தானா? ஏன் இவ்வளவு மலிவு?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னைப் போன்ற ஆளாகத்தான் இருக்க வேண்டும். அப்போதிருந்த என் போனில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன். "ஒரிஜினல்தான். நாங்கதான் செஞ்சோம். பின்னாடி பச்சை ஸ்டிக்கர் கோணலா இருந்தா பயப்படாதீங்க. நல்லா ஓடும்."

இரண்டாவது கேள்விக்கும் ஏதாவது எழுதலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பஸ் பழைய கம்பெனி கேட்டைத் தாண்டியது. எழுதாமலே போனைப் பைக்குள் வைத்து மூடினேன்.